தம்பியைக்கூட அதட்டாத பையன் ராணுவ அதிகாரி ஆவது எப்படி?

புனே ஸ்டேஷனில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு காட்சியைக் காணலாம். டிரங்குப் பெட்டியும் தோள் பையுமாகப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ரயிலைவிட்டு இறங்குவார்கள். கூடவே அப்பா, அம்மா. சிலருக்குப் பாட்டியும் வந்திருப்பார். வெளியே ராணுவ வண்டி காத்திருக்கும். சீருடை அணிந்த ஒருவர் கையில் பட்டியலுடன் பெயர்களைச் சரிபார்ப்பார். சிறிது நேரத்தில் பிள்ளைகள் வண்டிக்குள்ளும் பெற்றோர் வெளியிலும் நிற்பார்கள். வண்டி கடக்வாசலா நோக்கிப் புறப்பட்டுவிடும். அங்கேதான் தேசிய ராணுவக் கல்லூரி இருக்கிறது.

அப்படி வண்டி புறப்பட்டுப் போன ஒரு காலையில், தாராவியிலிருந்து வந்திருந்த தமிழர் ஒருவர் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மும்பையில் ஒரு தனியார் கிடங்கில் கணக்கு எழுதுபவர். மூத்த மகனை அனுப்பிவைத்துவிட்டு, ஊர் திரும்பும் ரயிலுக்காகக் காத்திருந்தார். நான் ரயில்வே குமாஸ்தா என்பதையும், அவ்வப்போது பத்திரிகைக்கு எழுதுபவன் என்பதையும் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டார்.

“தம்பி, ஒரு சந்தேகம். தப்பா நினைக்கக் கூடாது. இவன் வீட்டிலே தம்பியைக்கூட அதட்ட மாட்டான். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. இவன் நாளைக்கு முப்பது பேரை எப்படி ஆளப் போறான்? அங்கே போயி என்னதான் கத்துக் குடுப்பாங்க?” என்று கேட்டார்.

“விசாரித்து எழுதுகிறேன், அண்ணாச்சி” என்றேன். அதன்பின் விசாரித்ததும் படித்ததுமே இந்தக் கட்டுரை. பிள்ளையை அனுப்ப நினைத்தும் தயங்கி நிற்கும் மற்றப் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

உரத்த குரலுக்கு மார்க் இல்லை

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பையன் வண்டி ஏறுவதற்கு முன்பே அவனுடைய குணம் ஒருமுறை சோதிக்கப்பட்டாயிற்று. மத்திய தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு 900 மார்க். அதில் கணிதத்துக்கு 300. பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600. லட்சக்கணக்கானோர் எழுதுகின்றனர். ஒவ்வொரு முறையும் இருக்கும் இடங்கள் சுமார் 400 மட்டுமே. இதில் தேறியவர்களை ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறார்கள். அதற்கும் 900 மார்க். அதாவது, படிப்புக்கு எத்தனை மதிப்போ அத்தனை மதிப்பு குணத்துக்கும் உண்டு.

இந்த ஐந்து நாள் தேர்வில் ஒரு சோதனையைப் பாருங்கள். எட்டு அல்லது பத்துப் பையன்களை ஒரு மைதானத்தில் நிறுத்துகிறார்கள். ஒரு மரக்கட்டை, ஒரு பலகை, ஒரு கயிறு, கூடவே ஒரு சுமை. இரண்டு கோடுகளுக்கு நடுவே தரையைத் தொடாமல் எல்லாரும் சுமையோடு அக்கரை சேர வேண்டும். தலைவன் என்று யாரையும் நியமிப்பதில்லை. அதிகாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சில பையன்கள் உடனே கத்தத் தொடங்குவார்கள். “இதைப் பிடி, அதை வை” என்று ஆணைகள் பறக்கும். வேறொருவன் பேசாமல் கயிற்றை எடுத்து முடிச்சுப் போடுவான். பின்னால் தயங்கி நிற்பவன் சொல்லும் யோசனையைக் காதில் வாங்குவான். அவனைக் கைகொடுத்து இழுத்து முன்னால் விடுவான். அதிகாரி இருவரையும்தான் கவனிக்கிறார். ஆனால் அவர் தேடுவது இரண்டாமவனிடம் இருப்பதைத்தான்.

அதிகாரிக்கு வேண்டிய குணங்கள் பதினைந்து என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பொறுப்புணர்ச்சி, ஒத்துழைப்பு, முன்முயற்சி, முடிவெடுக்கும் வேகம், மன உறுதி, தைரியம் ஆகியவை அதில் உள்ளன. உரத்த குரல் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தகப்பன் என்ன வேலை பார்க்கிறான் என்பதற்கும் அதில் மார்க் கிடையாது.

சூடான் தந்த பணம்

கடக்வாசலா கல்லூரியின் கதையே சுவையானது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சூடான் நாட்டைக் காக்க இந்தியச் சிப்பாய்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்டனர். அதற்கு நன்றியாக, யுத்த நினைவுச் சின்னம் எழுப்புவதற்கென்று சூடான் அரசு 1941-ம் ஆண்டு ஒரு லட்சம் பவுன் அளித்தது. நாடு பிரிந்தபோது இந்தியாவின் பங்காக 70,000 பவுன் கிடைத்தது. நினைவுத் தூண் எழுப்புவதைவிட, நாளைய வீரர்களை உருவாக்கும் பள்ளி எழுப்புவதே மேல் என்று முடிவாயிற்று. 1949-ம் ஆண்டு அக்டோபர் 6-ம் தேதி பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் முறைப்படித் திறப்பு விழா நடந்தது. கல்லூரியின் தலைமைக் கட்டடத்துக்கு இன்றும் ‘சூடான் பிளாக்’ என்றே பெயர். ‘சேவையே மேலான தர்மம்’ என்ற பொருள்படும் சமஸ்கிருத வாசகம் கல்லூரியின் இலட்சியச் சொல்.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் போகவிருக்கும் மாணவர்கள் இங்கே ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் படிக்கிறார்கள். படிப்பு மூன்று ஆண்டு; பருவங்கள் ஆறு. முடிவில் டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தின் பட்டம் கிடைக்கும். அதன் பிறகு தரைப்படையினர் டேராடூனுக்கும், கடற்படையினர் கேரளத்து எழிமலைக்கும், விமானப்படையினர் ஐதராபாத் அருகே டுண்டிக்கல்லுக்கும் மேற்பயிற்சிக்குச் செல்வார்கள்.

முதலில் கீழ்ப்படியக் கற்கிறான்

வந்த உடனே தலைமுடி ஒட்ட வெட்டப்படுகிறது. ஜெனரல் மகனுக்கும் குமாஸ்தா மகனுக்கும் ஒரே உடை, ஒரே உணவு, ஒரே சைக்கிள். வகுப்புக்கும் மைதானத்துக்கும் வரிசை கலையாமல் சைக்கிளில்தான் போக வேண்டும். விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, டிரில், பிறகு வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவில் படிப்பு. குதிரையேற்றம், நீச்சல், துப்பாக்கி சுடுதல் எல்லாம் உண்டு. இரண்டு நிமிடத்தில் ஓர் உடையிலிருந்து மற்றோர் உடைக்கு மாற வேண்டிய அவசரம் அடிக்கடி நேரும். தாமதித்தால் தண்டனை. ஒருவன் தவறுக்கு அவனோடு நின்றவர்கள் அனைவரும் ஓட வேண்டியும் வரலாம்.

இது என்ன கொடுமை என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவன் செய்த தவறுக்கு இன்னொருவன் மூச்சு வாங்க ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, தன் சோம்பல் தன்னோடு நிற்பதில்லை என்பது எவனுக்கும் விளங்கிவிடும். நாளைக்குப் போர்முனையில் அவன் ஒரு நிமிடம் தூங்கினால், விலை கொடுப்பது அவன் மட்டுமா?

இன்னொன்றும் உண்டு. கட்டளையை ஏற்று நடப்பவனின் உடம்பு எப்படி வலிக்கும், மனம் எப்படிக் குமுறும் என்று அனுபவித்து அறியாதவன் நல்ல கட்டளை இட முடியாது. நம் ஆபீசுகளில் நாம் பார்த்ததுதானே? கீழ்மட்ட வேலையைச் செய்து மேலே வந்த அதிகாரி ஒரு மாதிரி. நேரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஒரு மாதிரி.

மூத்தவன் கையில் இளையவன்

மாணவர்கள் ஸ்குவாட்ரன் என்னும் இல்லங்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொன்றிலும் முதல் பருவத்துப் பையன் முதல் ஆறாம் பருவத்து மூத்தவன் வரை கலந்து இருப்பார்கள். மேலே அதிகாரிகள் உண்டு. ஆனால் அன்றாட நிர்வாகம் பெரும்பாலும் மூத்த மாணவர்கள் கையில்தான். ஸ்குவாட்ரன் கேடட் காப்டன், சார்ஜென்ட் என்று அவர்களுக்குப் பதவிகள் உண்டு. இளையவன் சாப்பிட்டானா, காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஓடுகிறானா, கணக்கில் பின்தங்குகிறானா என்பதெல்லாம் மூத்தவன் பொறுப்பு. இளையவன் தவறினால் மூத்தவன் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்குவாட்ரன்களுக்குள் போட்டி கடுமையானது. குறுக்கு ஓட்டம், குத்துச்சண்டை, டிரில், படிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளிகள். பருவ முடிவில் முதலிடம் பெறும் ஸ்குவாட்ரனுக்குக் கொடி வழங்கப்படும். ஆகவே கெட்டிக்காரன் தான் மட்டும் முன்னால் ஓடினால் போதாது. பின்தங்குபவனையும் இழுத்துக்கொண்டு ஓடியாக வேண்டும்.

முகாம்களிலும் இதே பாடம்தான். ஒரு முகாமுக்கு டோர்ணா என்று பெயர். சிவாஜி மகாராஜா தமது பதினாறாம் வயதில் கைப்பற்றியதாகச் சொல்லப்படும் கோட்டையின் பெயர் அது. சகியாத்ரி மலைச் சரிவுகளில் இரவு பகலாக, முதுகில் சுமையோடு, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். தூக்கமும் சோறும் குறைந்த மூன்றாம் நாள்தான் ஒருவனுடைய உண்மையான குணம் வெளியே வரும். தண்ணீர்ப் புட்டியில் கடைசி மிடறு இருக்கும்போது அவன் முதலில் யாரைப் பார்க்கிறான் என்பதைக் கூட வருபவர்கள் கவனித்துவிடுவார்கள்.

இங்கேதான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இளையவன்மேல் அதிகாரம் கிடைத்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் அதைத் தவறாகவும் பயன்படுத்தலாம். ராகிங் கண்டிப்பாகத் தடை செய்யப்பட்ட குற்றம். பிடிபட்டால் ஒரு பருவம் பின்னால் தள்ளப்படலாம், வெளியேற்றமும் நேரலாம். ஆனாலும் விடுதி வாழ்க்கையும் அதிகாரமும் சேரும் எந்த இடத்திலும் இந்த நோய் தலைகாட்டக்கூடியதுதான். பயிற்சி என்ற பெயரில் மற்றவனை அவமானப்படுத்துபவன் தலைமையைக் கற்கவில்லை, முரட்டுத்தனத்தைத்தான் கற்கிறான். திருப்பி அடிக்க முடியாதவனை நடத்தும் விதத்தில்தான் ஒருவன் அதிகாரியா, அடியாளா என்பது தெரியும். அதனால் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், “கஷ்டத்தைப் பொறுத்துக்கொள், அக்கிரமத்தைப் பொறுக்காதே, அதிகாரியிடம் சொல். நாளைக்கு நீ மூத்தவன் ஆகும்போது அதைச் செய்யாதே” என்று மூன்றையும் சேர்த்தே சொல்லி அனுப்ப வேண்டும்.

இருபத்தொரு வயதில் ஒரு முடிவு

இந்தப் பயிற்சி எதற்கு உதவும் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்லலாம்.

கடக்வாசலாவின் அணிவகுப்பு மைதானத்துக்கு கேத்தர்பால் மைதானம் என்று பெயர். அருண் கேத்தர்பால் இங்கே படித்தவர். 1971 ஜூன் மாதம் பூனா ஹார்ஸ் என்னும் டாங்கிப் படையில் செகண்ட் லெப்டினன்டாகச் சேர்ந்தார். ஆறு மாதத்தில் பாகிஸ்தானுடன் போர் வந்தது. டிசம்பர் 16-ம் தேதி பசந்தர் ஆற்றுப் பகுதியில் எதிரி டாங்கிகள் அலை அலையாக வந்தன. கேத்தர்பாலின் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. டாங்கியை விட்டு இறங்கும்படி மேலதிகாரி சொன்னார். தம் பீரங்கி இன்னும் சுடுகிறது என்று சொல்லி அவர் அங்கேயே நின்று போரிட்டார். எதிரி டாங்கிகளை வீழ்த்திய பின்பே உயிர் துறந்தார். வயது 21. பரம்வீர் சக்ரம் வழங்கப்பட்டது.

கீழ்ப்படியக் கற்றவர் கட்டளையை மீறினாரே என்று கேட்கலாம். தான் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவர் மீறவில்லை. தான் நகர்ந்தால் அந்த இடைவெளி வழியாக எதிரி நுழைவான், பின்னால் இருப்பவர்கள் மாள்வார்கள் என்ற நிலையில் எடுத்த முடிவு அது. டேராடூன் ராணுவக் கல்லூரியில் 1932-ல் தளபதி செட்வுட் ஆற்றிய உரையின் சாரமும் இதுதான்: தேசம் முதலில், உன் கீழ் உள்ளவர்கள் அடுத்து, உன் சுகம் கடைசியில்.

மற்றவர் நம்மவர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946-ல் பம்பாயில் பிறந்தவர். எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர். கடக்வாசலா வழியாக அல்ல, பட்டம் பெற்ற பிறகு சென்னையில் இருந்த அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி வழியாக 1972-ல் ராணுவத்தில் அதிகாரி ஆனார். இந்திய அமைதிப் படையுடன் இலங்கை சென்றவர், 1987 நவம்பர் 25-ம் தேதி இரவு பதுங்கித் தாக்குதலில் சிக்கினார். மார்பில் குண்டு பாய்ந்த பின்பும், இறக்கும்வரை தம் வீரர்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் பரம்வீர் சக்ரம் அளிக்கப்பட்டது. பம்பாய்த் தமிழ்ப் பிள்ளை ஒருவர் எட்டிய உயரம் அது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

திருவனந்தபுரத்தில் பிறந்து, கடக்வாசலாவில் படித்து, 2000 முதல் 2002 வரை தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் எஸ். பத்மநாபனையும் இங்கே நினைவுகூரலாம்.

விலையும் உண்டு

நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். பயிற்சியில் காலும் முதுகும் முறிவது உண்டு. குணமாகாத காயம் என்றால் மாணவன் மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்படுவான். அவன் இன்னும் அதிகாரியாக நியமனம் பெறவில்லை. ஆகவே முன்னாள் ராணுவத்தினருக்குரிய ஓய்வூதியம் அவனுக்குக் கிடைப்பதில்லை. கருணைத் தொகை மட்டுமே உண்டு. தேசத்துக்காகப் பயிற்சி பெறும்போது முடமானவனுக்கு இது போதுமா என்ற கேள்வி பல ஆண்டுகளாக இருந்தது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் இதைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே மாதம், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ வசதியை இவர்களுக்கும் அளிக்க அரசு முடிவு செய்தது. வீழ்ந்தவனைத் தூக்கு என்று மாணவனுக்குக் கற்பிக்கும் அமைப்பு, தன்னிடம் வீழ்ந்தவனையும் தூக்க வேண்டும் அல்லவா?

பெண்களுக்கும் திறந்த கதவு

இந்தக் கல்லூரி பல்லாண்டுகளாக ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. 2021 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் பெண்களும் நுழைவுத் தேர்வு எழுத வழி பிறந்தது. 2022-ல் முதல் மாணவிகள் சேர்ந்தனர். 2025 மே 30-ம் தேதி 17 பெண்கள் முதன்முறையாகப் பயிற்சி முடித்து, ஆண்களோடு ஒரே அணியில் நடந்து வெளியேறினர். ஆகவே இனி ‘பையனை அனுப்பலாமா’ என்று மட்டும் யோசித்தால் போதாது.

நாம் செய்ய வேண்டியது

வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பவர்களும் எழுதலாம். தரைப்படைக்கு எந்தப் பாடப் பிரிவும் சரி. மற்ற இரண்டு படைகளுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் தேவை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். பயிற்சி, உணவு, தங்குமிடம் ஆகியவற்றின் செலவு அரசைச் சேர்ந்தது.

சிறு வயதிலேயே தொடங்க விரும்புவோருக்கு சைனிக் பள்ளிகள் உள்ளன. நாட்டின் முதல் சைனிக் பள்ளி 1961-ல் நம் பக்கத்துச் சாத்தாராவில்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் உடுமலை அருகே அமராவதிநகரில் 1962-ல் தொடங்கிய பள்ளி இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 1977 முதல் சத்ரபதி சம்பாஜி நகரில் (பழைய அவுரங்காபாத்) இந்தத் தேர்வுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. இம்மாநிலக் குடியிருப்புச் சான்று உள்ளவர்கள் முயலலாம். நேர்முகத் தேர்வில் ஒருமுறை தவறினாலும் மனம் தளர வேண்டாம். பட்டம் பெற்ற பின் டேராடூனுக்கும் சென்னைக்கும் வேறு தேர்வுகள் உண்டு. பரமேஸ்வரன் போனது அந்த வழியில்தான்.

ஆனால் டியூஷன் மட்டும் போதாது. வீட்டில் பிள்ளைக்குப் பொறுப்பு கொடுங்கள். ரேஷன் கடைக்குப் போவது, தம்பி தங்கையின் பாடத்தைக் கவனிப்பது, ஊருக்குப் போகும்போது டிக்கெட்டும் மூட்டையும் அவன் பார்வையில் விடுவது என்று சின்னச் சின்ன வேலைகளே போதும். செய்த தவறை ஒப்புக்கொண்டால் அடிக்காதீர்கள், மறைத்தால் விடாதீர்கள். கடக்வாசலாவில் கற்றுத் தருவதற்கு இதுவே அரிச்சுவடி.

தாராவிக்காரரை மறுபடியும் பார்த்தேன். முதல் பருவம் முடிந்து விடுமுறைக்கு வரும் மகனை அழைத்துப் போக ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, பையன் அதட்டக் கற்றுக்கொண்டானா?” என்று கேட்டேன்.

“இல்லை தம்பி. லெட்டர் போட்டிருந்தான். ஓட்டத்திலே கூடப் படிக்கிற ஒருத்தன் பின்னாலே விழுந்துட்டானாம். இவனும் இன்னொருத்தனும் திரும்பிப் போயி, அவன் பையை வாங்கிக்கிட்டு, ஆளுக்கு ஒரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்களாம். அதனாலே இவனுக்கு நேரம் தப்பிப் போச்சாம். அதை ரொம்ப சாதாரணமா எழுதியிருக்கான்.”

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: “அன்னிக்கு நான் கேட்ட கேள்வியே தப்புதான்னு இப்போ தோணுது.”

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மகன் வரும் வழியைப் பார்த்து நடந்தார்.